உருமுது, ஆனா ஊசி போட முடியலைங்கறாங்க

காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 56 வயது அம்மா ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 17 வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மூச்சு வாங்கி, தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்ததும், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டயாலிசிஸ் (எந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் இடது காரை எலும்புக்குக் கீழே ஒரு தற்காலிகக் குழாய். இரண்டு வாரம் கழித்து அதை எடுத்துவிட்டு வலது கழுத்தில் பெர்ம்கேத் என்கிற நீண்ட நாள் குழாய். அப்புறம் இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா அறுவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போட வசதியாக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்பது. அது முடிந்து நாலு மாதம் ஆகிறது.

"தொட்டா கிர்ர்னு உருமுதுங்க. தழும்புகிட்ட நாடி துடிக்கற மாதிரி பலமாத் தெரியுது, அதுக்கு மேல ஒண்ணுமே தெரியலைங்க. டயாலிசிஸ்ல ரெண்டு தடவ ஊசி போட்டுப் பாத்தாங்க. கை வீங்கிக் கறுத்துப் போச்சு. இன்னும் வளரட்டும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பந்தை அமுக்கி அமுக்கிக் கையே வலிக்குதுங்க. ரத்தம் நீர்க்கற மாத்திரையும் தவறாமப் போடறேன். சாயங்காலம் ஆனா இடது கை மோதிரம் இறுகிக்குது."

வீட்டில் மூன்று மாடுகள். இரண்டு வேளையும் இவர்தான் பால் கறக்கிறார். கறந்ததால்தான் ஃபிஸ்டுலா கெட்டது என்று ஊரில் பேச்சு. அறுவை செய்த டாக்டர்தான் கெடுத்துவிட்டார், கேஸ் போடலாம் என்கிறார் கணவர். டயாலிசிஸ் மையத்தில் முழங்கையில் இன்னொரு அறுவை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். தெரிந்த வைத்தியர் ஒருவர் கைக்கு எண்ணெய் போட்டு நீவிப் பற்றுப் போட்டால் நரம்பு எழும்பும் என்கிறார். "கழுத்துக் குழாய் நல்லாத்தானே ஓடுது, இதையே வெச்சுக்கிட்டா என்னங்க டாக்டர்?" என்று கேட்டு முடிக்கிறார்.

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலு மாதம் காத்திருந்தது போதும். இதற்கு மேலும் "வளரட்டும்" என்று யார் சொன்னாலும், "எதனால் வளரவில்லை என்று பார்த்துவிட்டீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அறுவைக்குப் பிறகு யாரும் அந்தக் கைக்கு ஒரு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) எடுத்ததாகத் தெரியவில்லை. தையல் பிரிக்கப் போனதோடு சரி. எனக்கு உறுத்துவது அதுதான்.

அந்தச் சிரை எப்படிப் பெருக்க வேண்டும்?

ரத்தத்தை இதயத்திலிருந்து கொண்டுவருவது தமனி, திரும்பக் கொண்டுபோவது சிரை. ஊசி போட வசதியாகத் தோலுக்கு அடியில் ஓடுவது சிரைதான். ஆனால் அதில் வேகமும் இல்லை, அளவும் பற்றாது. டயாலிசிஸ் எந்திரத்துக்கு நிமிடத்துக்கு 300 மில்லி அளவில் ரத்தம் இழுக்க வேண்டும். மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக ஓடுவது 20, 30 மில்லிதான். அந்தத் தமனியின் பக்கவாட்டில் சிரையின் நுனியைத் தைத்துவிட்டால், ரத்தம் குறுக்கு வழியில் சிரைக்குள் பாயும். தமனியையும் சிரையையும் இணைக்கும் இந்த யோசனையை 1966-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிரெசியா, சிமினோ உள்ளிட்ட நால்வர் எழுதிக் காட்டினார்கள். அறுபது வருடம் ஆகியும் இதைவிட நல்லது வரவில்லை.

தைத்த அன்றைக்கே ஓட்டம் 200, 300 மில்லிக்கு ஏறிவிடும். அந்த வேகம் சிரையின் உட்சுவரை உரசும்போது சுவர் தளர்ந்து விரியும், நாளடைவில் தடிக்கும். ஆறு வாரத்தில் நாங்கள் எதிர்பார்ப்பது இது: நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம். எல்லாருக்கும் இது அப்படியே அமையாது. கொஞ்சம் குறைந்தாலும் ஊசி போட்டு ஓட்டிவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிந்துவிடும். இரண்டாம் மாதம் இருந்த அளவுக்கும் நாலாம் மாதம் இருக்கும் அளவுக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. அதனால்தான் அறுவை முடிந்து 4 முதல் 6 வாரத்துக்குள் தெரிந்தவர் ஒருவர் கையைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும் என்கிறோம்.

உருமல் இருக்கிறதே என்று நீங்கள் தைரியமாக இருந்திருக்கிறீர்கள். உருமல் இருந்தால் ரத்தம் ஓடுகிறது, அடைத்துப் போகவில்லை என்று அர்த்தம். அது நல்ல செய்திதான். ஆனால் ஊசி தாங்கும் அளவுக்கு ஓடுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

உங்கள் கை என்ன சொல்கிறது?

ஃபிஸ்டுலா பெருக்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் அடுக்கினால் உங்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் கடிதத்தில் தெரிவதை மட்டும் பார்ப்போம்.

தழும்புக்குப் பக்கத்தில் நாடி பலமாகத் துடிக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை என்கிறீர்கள். உங்கள் மகள் அந்த ஒரு வரியை எழுதியதற்கு நன்றி. நன்றாக வளர்ந்த ஃபிஸ்டுலா தொட்டால் மெத்தென்று இருக்கும். உருமல் இடைவிடாமல் மேல்நோக்கிப் போகும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சிரை வற்றித் தட்டையாகும். அப்படியில்லாமல் தைத்த இடத்தில் மட்டும் விண் விண்ணென்று அடித்து, நாலு விரற்கடை தாண்டினால் சுரத்தே இல்லையென்றால், அந்த இடைவெளிக்குள் ஒரு குறுக்கம் இருக்கிறதா என்பதுதான் என் முதல் சந்தேகம். ஃபிஸ்டுலா வளராதவர்களில் அதிகமாகக் காண்பதும் இதைத்தான். அறுவையின்போது சிரையை அதன் இடத்திலிருந்து விடுவித்து, வளைத்துக் கொண்டுவந்து தமனியோடு சேர்ப்பார்கள். அந்த வளைவில் ஓட்டம் சுழித்துப் போகும். சிரையின் உட்சுவரில் இருக்கும் செல்கள் அங்கே வெளிப்பக்கம் விரிவதற்குப் பதிலாக உள்பக்கம் பெருகி வழியை அடைத்துக்கொண்டு வரும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அறுவைக்கு முன்பே சிரைச் சுவர் தடித்திருப்பதும் உண்டு.

இரண்டாவது, தமனி. 17 வருடச் சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போயிருக்கலாம். சிரை விரியத் தயாராக இருந்தாலும் கொடுக்கிற தமனி விரிந்து கொடுக்காவிட்டால் ஓட்டம் ஏறாது. பெண்களுக்கு இயல்பிலேயே ரத்தக்குழாய் கொஞ்சம் மெல்லிசு. மணிக்கட்டு ஃபிஸ்டுலா பெண்களிடமும், வயதானவர்களிடமும், சர்க்கரை உள்ளவர்களிடமும் கூடுதலாகத் தோற்பதற்கு இது ஒரு காரணம். தமனி 2 மில்லிமீட்டராவது, சிரை 2 முதல் 2.5 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று அறுவைக்கு முன்னால் ஸ்கேனில் அளந்து பார்ப்பது நல்ல வழக்கம்.

மூன்றாவது, கிளைச் சிரைகள். கீழ்பவானி வாய்க்காலில் மேல்மடைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் திறந்துவிட்டால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? முன்கையில் இரண்டு மூன்று பெரிய கிளைகள் பிரிந்து போனால் நடுச்சிரையில் ஓட்டம் சேராது. இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். சிரையை மேலே ஓரிடத்தில் அழுத்தினால் கீழே உருமல் நின்று நாடித் துடிப்பாக மாற வேண்டும். அழுத்திய பிறகும் உருமல் நிற்காமல் ஓடினால் ரத்தம் வேறு வழியாகப் போகிறது. வளையலைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இதற்குச் செலவும் இல்லை. நேரம்தான் யாருக்கும் இருப்பதில்லை.

நான்காவது, உங்கள் மோதிரம். நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். காரை எலும்புக்குக் கீழே குழாய் போட்டால், எடுத்த பிறகும் அந்தப் பெரிய சிரையில் தழும்பு விழுந்து குறுகிப்போக வாய்ப்புண்டு. அதனாலேயே அந்த இடத்தைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வார்கள். மூச்சுத் திணறி வந்த ராத்திரியில் கிடைத்த இடத்தில் போட்டிருப்பார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஊசி விலகி ரத்தம் கசிந்த வீக்கம்கூட இன்னும் வற்றாமல் இருக்கலாம். ஆனால் அதே இடது பக்கம் குழாய் போட்டிருக்கிறார்கள், அதே கை வீங்குகிறது என்றால் நெஞ்சுப் பக்கத்துப் பெரிய சிரையையும் பார்த்துவிட வேண்டும். முழங்கையில் அடுத்த அறுவை என்று பேச்சு வருவதால் இது இன்னும் முக்கியம். அங்கே ஓட்டம் இன்னும் அதிகமாக ஏறும். மேலே வழி குறுகியிருந்தால் கை முழுக்க வீங்கிவிடும். அதைப் பார்க்காமல் இடது முழங்கையில் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். டயாலிசிஸுக்கு வருவதற்கு முந்தைய வருடங்களில் "அசதியா இருக்கு" என்று எத்தனை முறை குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருப்பீர்கள்? நம் பக்கம் இது பெரும் வழக்கம். சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் இடது முன்கையில், கட்டைவிரல் பக்கத்துச் சிரையில்தான் ஊசி குத்துவார்கள். அதே சிரைதான் பிற்பாடு ஃபிஸ்டுலாவுக்கு வேண்டும். குத்திக் குத்தி உள்ளே தழும்பான சிரை விரியாது. நடந்ததை மாற்ற முடியாது. இனிமேல் இரண்டு முன்கையும் பத்திரம். ரத்தம் எடுப்பதானால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாளில் எந்திரக் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள்.

பால் கறந்தது, பந்து அமுக்கியது, மாத்திரை, எண்ணெய்

பால் கறந்ததால் ஃபிஸ்டுலா கெடவில்லை, அம்மா. காம்பைப் பிடித்துப் பிழிவதும் பந்தை அமுக்குவதும் முன்கைத் தசைக்கு ஒரே வேலைதான். புண் ஆறிய பிறகு அந்த அசைவு கைக்கு நல்லதே செய்யும். யார் சொல்லியிருந்தாலும் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

கறந்ததற்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். தூக்குப்போசியை இடது கை மடிப்பில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்கு நடப்பீர்களா? சாணிக்கூடையை அந்தக் கையில் இடுக்கிக்கொண்டு போவீர்களா? கையைத் தலைக்கு அணை கொடுத்துத் தூங்குவீர்களா? இறுக்கமான வளையல் உண்டா? இவை சிரையை மணிக்கணக்கில் அழுத்தும். அழுத்தினால் ஓட்டம் தேங்கி ரத்தம் உறையலாம். கனத்தை வலது கைக்கு மாற்றுங்கள், வளையலையும் மோதிரத்தையும் இப்போதே கழற்றுங்கள். மாட்டுக் கொட்டகையில் எனக்கு இருக்கும் பெரிய பயம் கழுத்துக் குழாயைப் பற்றித்தான். சாணியும் மூத்திரமும் ஈயும் இருக்கிற இடத்தில், வேர்வையில் நனைந்த கட்டோடு குனிந்து கறப்பது ஆபத்து. குழாய் எடுக்கும் வரை கறவையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பந்து அமுக்குவது ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். குறுக்கம் இருந்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அமுக்கினாலும் அது விரியாது. கை வலிக்க வலிக்கச் செய்யாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் புது ஃபிஸ்டுலா வைத்த 877 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு வாரம் குளோபிடோக்ரெல் என்கிற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவு இது: மாத்திரை போட்டவர்களில் 12.2 சதவீதம் பேருக்கு ஃபிஸ்டுலா அடைத்தது, போடாதவர்களில் 19.5 சதவீதம். அடைப்பு குறைந்தது உண்மை. ஆனால் டயாலிசிஸுக்குச் சரியாக உதவாமல் போன ஃபிஸ்டுலாக்கள் இரண்டு பிரிவிலுமே 60 சதவீதத்தை ஒட்டி இருந்தன. உறையாமல் பார்த்துக்கொள்வது வேறு, வளர வைப்பது வேறு. அந்த 60 என்ற எண்ணை உங்கள் கணவரிடமும் காட்டுங்கள். உதவும் என்பதற்கு அந்த ஆய்வில் வைத்த அளவுகோல் கடுமையானது என்றாலும், ஃபிஸ்டுலா வளராமல் போவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த விபத்தில்லை என்பது புரியும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவதும் பற்றுப் போடுவதும் கூடவே கூடாது. அழுத்தி நீவினால் உறைந்துபோகலாம், பற்றுப் போட்ட தோலில் புண் வந்தால் கிருமி நேரே ரத்தத்துக்குள் போகும்.

இனி என்ன செய்யலாம்?

இந்த வாரமே இடது கைக்கு டாப்ளர் ஸ்கேன். சும்மா "ஃபிஸ்டுலா ஓடுகிறது" என்று ஒரு வரி எழுதித் தருவதை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஓட்டம் எத்தனை மில்லி, சிரை எத்தனை அகலம், எத்தனை ஆழம், குறுக்கம் எங்கே, கிளை எத்தனை, தமனியில் சுண்ணாம்பு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வலது கையையும் சேர்த்து அளந்துவிட்டால் பிறகு உதவும்.

குறுக்கம் தெரிந்தால் பலூன் வைத்து விரிக்கலாம். கையை மரத்துப்போகச் செய்து, ஊசித் துளை வழியாகச் சிறு பலூனை உள்ளே விட்டு ஊதுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். அதே மேசையில் சாயமருந்து விட்டுக் காரை எலும்புப் பக்கத்துப் பெரிய சிரையையும் படம் எடுத்துப் பார்த்துவிடலாம், தனியாக இன்னொரு நாள் அலைய வேண்டாம். உங்களுக்கு இன்னும் சிறுநீர் போகிறதென்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், சாயமருந்தின் அளவைக் குறைத்துக்கொள்வார்கள். பலூன் வைத்த குறுக்கம் சில மாதத்தில் திரும்ப வருவதுண்டு, இரண்டாம் முறை செய்யவும் நேரலாம். இது பொய்யான சமாதானம் இல்லாமல் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கிளைதான் பிரச்சினை என்றால் சின்னக் கீறலில் கட்டிவிடுவார்கள். சிரை நன்றாக வளர்ந்து ஆழத்தில் மட்டும் கிடந்தால் மேலே தூக்கி வைப்பார்கள். குறுக்கத்துக்கு மேலே சிரை நன்றாக இருந்தால், இரண்டு மூன்று அங்குலம் மேலே புதிதாகத் தைப்பதும் ஒரு வழி. அது முழங்கை வரை போவதைத் தள்ளிப்போடும்.

முழுச் சிரையுமே நூல் மாதிரி இருந்தாலோ, தமனி விறைத்திருந்தாலோ இதிலேயே மல்லுக்கட்ட வேண்டாம். அப்போது முழங்கைதான் நியாயமான அடுத்த படி. அங்கே குழாய்கள் பெரிசு, வளர வாய்ப்பு கூடுதல். ஆபத்தும் ஒன்று கூடுதல்: கைக்குப் போக வேண்டிய ரத்தம் ஃபிஸ்டுலாவுக்குள் அதிகமாகப் போய், விரல்கள் சில்லிட்டு, வலித்து, மரத்துப் போகலாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். சிரை எதுவுமே தேறவில்லை என்றால் செயற்கைக் குழாய் பதிக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போட்டுவிடலாம் என்பது வசதி, அடைப்பும் தொற்றும் அதிகம் என்பது விலை. நெஞ்சுச் சிரையில் குறுக்கம் உறுதியாகி அதைச் சரிசெய்யவும் முடியாவிட்டால், வலது கைக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆக, "உடனே முழங்கை அறுவை" என்று உங்கள் மையத்தில் சொன்னது தப்பென்று நான் சொல்லவில்லை. முதலில் ஸ்கேன், பிறகு முடிவு. வரிசையை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

கழுத்துக் குழாயையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். நன்றாக ஓடுகிற வரை அதைப் போல வசதி எதுவுமில்லை, வலிக்கிற ஊசி கிடையாது. ஆனால் வெளித் தோலிலிருந்து இதயத்தின் வாசல் வரை போகிற குழாய் அது. ஒருமுறை கிருமி ஏறினால் ரத்தம் முழுக்கப் பரவும், இதய வால்வில் போய் உட்காரும், முதுகெலும்பில் தங்கும். சர்க்கரை உள்ள உடம்பு அதைத் தாங்குவது கஷ்டம். நாள் ஆக ஆகக் கழுத்துச் சிரையும் குறுகும். கையில் எதற்குமே வழியில்லாதவர்களுக்கும், இதயம் ரொம்பப் பலவீனமானவர்களுக்கும் குழாயே நிரந்தரம் என்று முடிவெடுப்பது உண்டு. உங்களுக்கு அந்த நிலை வந்துவிட்டதாகத் தெரியவில்லை.

வயிற்று வழி டயாலிசிஸைப் பற்றி யாராவது சொன்னார்களா? ஃபிஸ்டுலாவே வேண்டியதில்லை. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை இரண்டு லிட்டர் திரவத்தை விட்டு வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. சுத்தமான தனி அறையும், கை கழுவுவதில் கண்டிப்பான ஒருவரும் வீட்டில் வேண்டும். திரவப் பைகளைத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கையில் இரண்டு மூன்று அறுவைகள் தோற்றபின் கடைசியாக யோசிக்கிற விஷயமாக இதை வைத்திருக்கிறோம், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கும் 56 ஒரு வயதே இல்லை. இதயப் பரிசோதனை சரியாக இருந்தால் பதிவு செய்துகொள்வதைப் பற்றிக் கேளுங்கள்.

செலவு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் டயாலிசிஸும் ஃபிஸ்டுலா அறுவையும் அதில் வரும். பலூன் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தேதி வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி இரண்டாம் கருத்துக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலில் பார்த்த டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள்.

கேஸ் போடலாமா?

நான் வக்கீல் இல்லை, மருத்துவர் கண்ணில் தெரிவதைச் சொல்கிறேன். ஃபிஸ்டுலா வளரவில்லை என்பது மட்டும் கவனக்குறைவுக்கு ஆதாரமாகாது. நல்ல கையில் செய்த நல்ல அறுவையும் வளராமல் போகும், மேலே சொன்ன எண்ணே அதற்குச் சாட்சி. உங்கள் கணவரின் கோபத்தில் நியாயமான பகுதி வேறு இருக்கிறது. முன்னால் ஸ்கேன் எடுத்தார்களா, வளராமல் போகலாம் என்று கையெழுத்து வாங்கும்போது சொன்னார்களா, ஆறு வாரத்தில் ஏன் கூப்பிட்டுப் பார்க்கவில்லை? இந்த மூன்றையும் அவர் நேரில் போய்க் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, எடுத்திருந்தால் ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த விதி. அடுத்து பார்க்கிற டாக்டருக்கு எந்தத் தமனியில் எந்தச் சிரையை எப்படித் தைத்தார்கள் என்பது தெரிந்தாக வேண்டும், எனவே வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள்கள் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. அதற்கு முன்னால் கையைக் கவனியுங்கள்.

அதுவரை

காலையும் இரவும் உருமலைத் தொட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். சீக்கிரம் போனால் அடைப்பை எடுக்க வாய்ப்புண்டு. டயாலிசிஸில் நீர் அதிகமாக எடுத்து ரத்த அழுத்தம் இறங்கினால் ஃபிஸ்டுலா உறைந்துபோகும், ஆகவே இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை ஏறாமல் உப்பையும் தண்ணீரையும் குறையுங்கள். வளராத ஃபிஸ்டுலாவில் மூன்றாம் முறை ஊசி போட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது வந்தால், ஸ்கேன் வந்த பிறகு போடலாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டயாலிசிஸ் ஓடும்போதோ அன்றைய ராத்திரியோ குளிர் நடுக்கிக் காய்ச்சல் வந்தால் கழுத்துக் குழாயில் கிருமி ஏறியிருக்கலாம். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ரத்தக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்த பிறகுதான் மருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் நேரே டயாலிசிஸ் செய்கிற மருத்துவமனைக்கே போங்கள். இடது கை விரல் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, கை திடீரென்று முழுக்க வீங்கினாலோ அதே மாதிரி உடனே போக வேண்டும். மகளிடம் இந்தப் பத்தியை மட்டும் ஒரு தாளில் எழுதி, டயாலிசிஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.